கொட்டியாரக் குடாவின் மற்றக் கரை

திருகோணமலைக்கு ட்ரிப் போறம் எண்டு யாராவது சொன்னா, பிளான் என்ன எண்டு கேக்கத் தேவையில்ல. முதல் நாள் விடிய நிலாவெளி, அங்கயிருந்து போட்டில புறாமலை. பின்னேரம் கோணேசர் கோயில், கோட்டைக்குள்ள நிக்கிற மான்களோட ஒரு படம். அடுத்த நாள் கன்னியா வெந்நீர் ஊற்றில் ஏழு வாளி தண்ணி, பிறகு வீடு. எல்லாமே குடாவுக்கு வடக்குப் பக்கம். கோணேசர் மலையில் நின்று தெற்கே பார்த்தால் கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் நீலக்கோடு மாதிரி ஒரு கரை தெரியும். மூதூர், சம்பூர், அதற்கும் பின்னால் இலங்கைத்துறை, ஈச்சிலம்பற்று, வெருகல். அந்தப் பக்கம் போனைத் திருப்பிப் படம் எடுத்த யாரையும் நான் காணவில்லை.

இந்தக் கட்டுரை அந்தக் கரையைப் பற்றியது. ஆனால் நேரே அங்கே போக முடியாது. ஒரு மலை, ஒரு ஊற்று, ஒரு மரம் எப்போது 'பார்க்கிற இடம்' ஆகிறது, யார் அதை அப்படி ஆக்குகிறார்கள் என்பதை முதலில் வடக்குக் கரையில் பார்த்துவிட்டுப் போனால்தான் ஈச்சிலம்பற்றில் நடந்தது விளங்கும்.

முதலில் நிலம். எங்கட மாவட்டம் உலர் வலயம். ஐப்பசியில் தொடங்கும் வாடை மழை தை மட்டும்தான். அதுக்குப் பிறகு வானம் பூட்டிக்கொள்ளும். ஆடி ஆவணியில் கச்சான் காற்று அடிக்கும்போது குளம் வெடித்து, புல் எரிந்து, மண் சுடும். முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தன் இயல்பு கெட்டால் பாலையாகும் என்று இளங்கோவடிகள் சொன்னதைப் பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியிருப்போம். அதை ஆவணி மாசம் வெருகல் ரோட்டில் மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்தால் விளக்கவுரை தேவைப்படாது. பாலை நிலம் நிரந்தரமா இருக்கிற இடமில்ல, வருசத்தில் நாலஞ்சு மாசம் வந்துபோற ஒரு நிலை. அந்தச் சமதரையில் அங்கங்கே ஒற்றைப் பாறைக் குன்றுகள் தலைநீட்டி நிற்கும். பெரிய மலைத்தொடர் ஒன்றும் கிடையாது. ஆனால் தரை இவ்வளவு தட்டையாக இருக்கிற இடத்தில், கடலிலிருந்து வருகிறவனுக்கு ஒரு சின்னக் குன்றுகூடப் பெரிய அடையாளம்தான்.

அப்படிப்பட்ட அடையாளங்களில் பெரியது சுவாமிமலை. கடலுக்குள் நீட்டிக்கொண்டு 300 அடிக்கு மேல் செங்குத்தாக நிற்கிற பாறை. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் கோணமாமலையைப் பாடும்போது கோயிலோடு சேர்த்துக் கடலையும் அலையையும் பாடினார். பாறையையும் கோயிலையும் பிரித்துப் பார்க்கிற பழக்கம் அப்போது இல்லை. 1620களின் தொடக்கத்தில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா கோயிலை இடித்து, அதன் கல்லைக் கொண்டே கோட்டை கட்டினான். பிறகு ஒல்லாந்தர், கொஞ்சக் காலம் பிரெஞ்சுக்காரர், 1795இலிருந்து பிரித்தானியர். அவர்கள் வைத்த பெயர்தான் பிரட்றிக் கோட்டை.

இந்த இடத்தில்தான் 'காதலர் பாய்ச்சல்' கதை வருகிறது. பிரான்சினா வான் ரீடே என்ற ஒல்லாந்துப் பெண், காதலன் கப்பலேறிப் போனதைத் தாங்காமல் 1687இல் இந்தப் பாறையிலிருந்து குதித்தாள் என்று சொல்லி ஒரு தூணைக் காட்டுவார்கள். தூணில் ஒல்லாந்து மொழி எழுத்தும் 1687 என்ற ஆண்டும் இருப்பது உண்மை. ஆனால் அந்தப் பெண் அதற்குப் பிறகும் உயிரோடு இருந்து கலியாணம் கட்டினாள் என்று ஒல்லாந்துப் பதிவுகள் சொல்கின்றன. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அவள் குதித்தாளா இல்லையா என்பதல்ல. அந்தத் தூண் இடித்த கோயிலின் தூண். கோயில் தூணில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் காதல் கதை ஏறி, மூன்று நூற்றாண்டு கழித்தும் ஆக்கள் அதைத்தான் தேடிப் போய்ப் பார்க்கிறார்கள். தூணுக்குக் கீழே கிடக்கிற கதையைக் கேட்க ஆளில்லை.

புறாமலையும் அதே மாதிரி. மாடப்புறாக்கள் முட்டையிடுகிற பாறைத்தீவு. அதனால்தான் ஊராக்கள் வைத்த பேர். பிரித்தானியர் காலத்தில் அது சூட்டுப் பயிற்சிக்கான இடம். 1963இல் சரணாலயம், 2003இல் தேசியப் பூங்கா. இப்போது முருகைக்கல் பார்க்க ஆக்கள் முகமூடி மாட்டிக்கொண்டு குப்புற மிதக்கிறார்கள். துவக்குச் சூடு, பாதுகாப்பு, ரிக்கற். நான் பார்த்த அளவில் எங்கட பக்கத்து இயற்கை இடங்கள் முக்கால்வாசியும் இந்த மூன்று கட்டத்தையும் தாண்டித்தான் வந்திருக்கு.

விளையாட்டாகத் தொடங்கி வரலாற்றைத் திருப்பிக் கொடுத்த ஒரு சம்பவமும் உண்டு, அதைச் சொல்லாமல் போனால் அநியாயம். 1950இல் கோட்டைக்குக் கிட்டக் கிணறு தோண்டும்போது பழைய வெண்கல விக்கிரகங்கள் சில கிடைத்தன. கோயிலை இடிக்க முதல் யாரோ புதைத்து வைத்தவை. ஆறு வருடம் கழித்து, 1956இல், ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமிமலை அடிவாரத்தில் சுழியோடினார்கள். அறிவியல் கதை எழுத்தாளர் ஒருவரும் கடலடிப் படம் எடுக்கிற அவரது கூட்டாளியும். தொல்லியலாளர்கள் இல்லை, அரசாங்கம் அனுப்பினவர்களும் இல்லை. கடலுக்கடியில் செதுக்கிய தூண்களும் உடைந்த கல்லும் குவிந்து கிடப்பதைக் கண்டார்கள். அங்கேயிருந்து வில்சன் எடுத்த லிங்கம் கோயிலுக்குப் போனது. 1963இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு. கிளார்க் அந்தச் சுழியோட்டங்களைப் பற்றி அடுத்த வருடமே ஒரு புத்தகம் எழுதினார். வில்சன் 1962இல் 'ரன் முத்து துவ' என்ற சிங்களப் படத்தை எடுத்தார். சிங்களத்தின் முதல் முழுநீள வர்ணப்படம் அது, கதை சுவாமிமலைக்குக் கீழ் கடலில் கிடக்கிற கோயில் புதையல் பற்றியது! பிறகு அதே வில்சன் துறவியாகி சுவாமி சிவகல்கி என்று பெயர் மாற்றிக்கொண்டார். ஒரு மனுசன் பொழுதுபோக்காகக் கடலில் இறங்கி எங்கே போய்க் கரையேறினான் பாருங்கள்.

கன்னியாவுக்கு வருவோம். ஏழு சின்னச் சதுரக் கிணறு, ஒன்றுக்கும் மற்றதுக்கும் சூட்டில் கொஞ்சம் வித்தியாசம். எரிமலை ஒன்றும் கீழே இல்லை. மழைத்தண்ணி பாறை வெடிப்புகளினூடாக ஆழத்துக்கு இறங்கி, பூமியின் உள்வெப்பத்தில் சூடாகி, இன்னொரு வெடிப்பு வழியாக மேலே வருகிறது. இலங்கையின் மற்ற வெந்நீர் ஊற்றுகளும் பெரும்பாலும் இரண்டு பழைய பாறைத் தொகுதிகள் சந்திக்கிற கோட்டை ஒட்டித்தான் இருக்கின்றன. ஊர்க்கதை வேறு. இராவணன் தாய்க்குக் கடன் கழிக்கத் தண்ணி தேடி ஏழு இடத்தில் குத்தினான், ஏழு ஊற்று வந்தது. இந்தக் கதையால்தான் திருகோணமலைத் தமிழர் செத்தவர்களுக்கு அந்தியேட்டி செய்ய அங்கே போனார்கள். எங்கட பாட்டன் பாட்டிமாருக்குக் கன்னியா துக்கம் கழிக்கிற இடம். எங்களுக்கு நீச்சல் உடுப்போடு போகிற இடம். இரண்டுக்கும் நடுவில் ஒரு ரிக்கற் கவுண்டரும் தொல்லியல் திணைக்களத்தின் பலகையும் வந்தன. 2019 ஜூலையில், பிள்ளையார் கோயில் இருந்த மேட்டில் தாதுகோபம் கட்ட எடுத்த முயற்சிக்கு எதிராகச் சனம் திரண்டு, வழக்கு திருகோணமலை மேல் நீதிமன்றத்துக்குப் போய், வேலைக்கு இடைக்காலத் தடை வந்தது. வெந்நீர் ஊற்றைப் பற்றிய பிரயாணக் குறிப்புகளில் இந்தப் பகுதியை மட்டும் கவனமாக விட்டுவிடுவார்கள்.

இனிக் குடாவைக் கடப்போம்.

கொட்டியாரக் குடாவின் தெற்குக் கரையில் முதல் 'சுற்றுலாத் தலத்தை' உண்டாக்கியது ஒரு கைது. 1659 கடைசியில், புயலில் பாய்மரம் முறிந்த 'ஆன்' என்ற ஆங்கிலேயக் கப்பல் திருத்தவேலைக்காகவும் வியாபாரத்துக்காகவும் கொட்டியாரத்துக்கு வந்தது. தலைவர் ரொபட் நொக்ஸ், கூடவே அதே பெயருள்ள மகன். கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் நயமாகப் பேசிக் கரைக்குக் கூப்பிட்டு, 1660இல் பதினாறு பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். தகப்பன் அடுத்த வருடமே கண்டி நாட்டில் காய்ச்சலில் செத்தார். மகன் பத்தொன்பது வருடம் அங்கேயே கிடந்து, தொப்பி பின்னி விற்று, 1679இல் காட்டுவழியாக மன்னார்ப் பக்கம் அரிப்புக்கு ஓடித் தப்பினான். 1681இல் லண்டனில் வெளிவந்த அவனது புத்தகத்தை வைத்துத்தான் ஐரோப்பா கண்டி இராச்சியத்தை அறிந்தது. டானியல் டீஃபோ அதைப் படித்துத் தன் நாவலொன்றுக்குள் நொக்ஸின் கதையையே எடுத்துப் போட்டார்.

அவர்கள் பிடிபட்டது மூதூரில் ஒரு புளியமரத்தடியில் என்பது மரபு. 1893இல் பிரித்தானியர் அங்கே ஒரு கல் நட்டு, 'வெள்ளைக்காரன் மரம்' என்று அதில் எழுதினார்கள். எப்படி இருக்கு? கொட்டியாரத்தில் ஆயிரக்கணக்கான புளியமரம். நிழலில் சந்தை கூடிய மரம், பஞ்சாயம் பேசிய மரம், பிணம் இறக்கி வைத்து இளைப்பாறிய மரம். கல் வைக்கப்பட்டது ஒரு மரத்துக்குத்தான். ஒரு வெள்ளைக்காரன் கொஞ்ச நேரம் அதன் கீழ் இருந்ததற்காக.

மூதூரைத் தாண்டினால் கல்லும் கிடையாது, கதையும் புத்தகத்தில் கிடையாது. அதற்குக் காரணம் தண்ணி. மகாவலி கொட்டியாரக் குடாவில் விழுகிறது. அதன் ஒரு கிளை பிரிந்து தெற்கே போய் வெருகல் ஆறாகக் கடலைச் சேர்கிறது. இடையில் களப்பு, உப்பாறு, சதுப்பு. திருகோணமலையிலிருந்து கரையோரமாக மட்டக்களப்புக்குப் போகிற ரோட்டு, கிண்ணியா, கங்கை, இறால்குழி, வெருகல் என்று ஒன்றுக்குப் பின் ஒன்றாகத் துறைகளில் அறுந்து நின்றது. ஒவ்வொன்றிலும் 'பாதை'. கிழக்குக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு ஒரு விளக்கம்: எங்கட பக்கம் பாதை எண்டா ரோட்டு இல்ல. ஆற்றைக் கடத்துகிற மிதவைக்குத்தான் அந்தப் பேர். ரோட்டு முடிகிற இடத்தில்தான் பாதை தொடங்கும். கிண்ணியாவில் 396 மீற்றர் நீளப் பாலம் 2009 அக்டோபரில் திறந்தது. அடுத்து வந்த வருடங்களில் மற்றத் துறைகளுக்கும் பாலம் வந்தது. ஆகவே ஈச்சிலம்பற்று வழியாகக் காரில் நில்லாமல் போகிற அனுபவம் எங்கட தலைமுறைக்கு மட்டும் உரியது. அதற்கு முதல் இந்த ஊரைத் 'தாண்டிப் போக' முடியாது. ஒவ்வொரு துறையிலும் இறங்கி, காத்திருந்து, ஆரோடயாவது கதைச்சுத்தான் போகவேணும்.

பழைய நிருவாகத்தில் திருகோணமலை மாவட்டம் பட்டினமும் சூழலும், கட்டுக்குளப்பற்று, தம்பலகாமப்பற்று, கொட்டியாரப்பற்று என்று நாலு பிரிவு. ஈச்சிலம்பற்று கொட்டியாரப்பற்றின் தென்கோடி. இப்போது வெருகல் பிரதேச செயலகப் பிரிவு. இந்தக் கோடியில் மூன்று விதமான ஆட்கள் நிலத்தை மூன்று விதமாக வாசித்திருக்கிறார்கள்.

முதலாவது வேடர். மூதூர், வெருகல், வாகரை நெடுகத் தமிழ் பேசுகிற கரையோர வேடர் ஊர்கள் இருக்கின்றன. காட்டில் தேன், களப்பில் மீன், மேட்டில் சேனை. 1911இல் வெளிவந்த 'வேடர்கள்' என்ற பிரபலமான ஆய்வுநூலை எழுதிய செலிக்மன் தம்பதிகள் இவர்களையும் பார்த்தார்கள். ஆனால் தமிழ் பேசி, மீன்பிடித்து, தமிழரோடு கலந்து வாழ்கிறவர்கள் என்பதால் அவ்வளவு ஆர்வம் காட்டவில்லை. அவர்கள் தேடினது குகையில் இருக்கிற, ஆரோடும் கலக்காத வேடனை. இன்றைக்கும் வேடர் எண்டா தம்பானைக்குத்தான் பஸ் போகுது. இவர்களுடைய சடங்கில் குமார தெய்வம் வரும், வில்லும் தேனும் வரும். மலையும் காடும் அவர்களுக்கு முன்னோர் நடமாடுகிற இடம், கூடவே சோறு தருகிற இடம். காட்டைப் பாதுகாக்கிறம் என்று எல்லைக்கல் போடும்போது முதலில் வெளியே நிற்பவர்களும் இவர்கள்தான். 'இயற்கையை ரசிக்க' வருகிறவனுக்கு வாசல் திறந்து, தேன் எடுக்க வருகிறவனுக்கு அதே வாசலைச் சாத்துகிற சட்டத்தைப் பற்றி ஒருநாள் தனியாக எழுதவேணும்.

இரண்டாவது யாத்திரீகர். வெருகல் ஆற்றங்கரையில் சித்திர வேலாயுத சுவாமி கோயில் இருக்கிறது. கிழக்கின் திருப்படைக் கோயில்களில் ஒன்று. தம்பலகாமம் வீரக்கோன் முதலியார் இந்த வேலாயுதர் பேரில் 'காதல்' பிரபந்தம் பாடினார். செல்வச்சந்நிதியில் தொடங்கி முல்லைத்தீவு, திருகோணமலை, மூதூர், வெருகல், மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை, பிறகு குமண யால காடு என்று கதிர்காமம் போகிற பாதயாத்திரை இந்த ஊர்களுக்குள்ளால்தான் போகுது. வெறுங்காலோடு ஒன்றரை மாசம், இரண்டு மாசம். மணல், தார், சேறு, கடைசியில் யானைக்காடு. நாங்கள் 'லோங் டிஸ்ரன்ஸ் ட்ரெக்கிங்' என்று வெளிநாட்டுப் படம் பார்த்து வாய்பிளக்கிறோம். எங்கட அம்மம்மாமார் ஒரு துணிமூட்டையும் வேலும் கொண்டு அதைச் செய்திருக்கிறார்கள். யாத்திரீகருக்கும் இடங்கள் முக்கியம்தான், ஆனால் வேறு கணக்கில்: எந்த மரத்தடியில் இரவு தங்கலாம், எந்தக் கிணற்றுத் தண்ணி உவர், எந்த ஊரில் அன்னதானம். இந்த வரைபடம் அச்சில் வந்ததில்லை. போர்க்காலத்தில் யாத்திரை வருடக்கணக்கில் தடைப்பட்டபோது அது முதியவர்களின் நினைவில் மட்டும் இருந்தது.

மூன்றாவது படை. இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், எல்லாருக்கும் ஓரளவு தெரியும். 2004 ஏப்ரலில் புலிகள் இரண்டாகப் பிளந்து மோதிக்கொண்டது வெருகல் ஆற்றங்கரையில். அதே வருடம் மார்கழியில் சுனாமி. 2006 ஏப்ரலில் மூதூர் கிழக்கில் குண்டு விழ, சனம் ஈச்சிலம்பற்றுப் பக்கம் ஓடி வந்தது. ஜூலையில் மாவிலாற்று மதகை மூடினதும் முழுச் சண்டை தொடங்கியது. ஈச்சிலம்பற்றுச் சனம் ஆற்றைக் கடந்து வாகரைக்கு, வாகரையும் விழப்போகும்போது மட்டக்களப்பு முகாம்களுக்கு. 2007இல்தான் திரும்பத் தொடங்கினார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், கதிரவெளியில், வெருகல் மலைப்பூங்கா என்று ஓர் இடம் இருக்கு. 2004இல் செத்தவர்களுக்கான அஞ்சலி ஒவ்வொரு ஏப்ரலும் அங்கேதான் நடக்குது. பேரைக் கேட்டால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சறுக்குமரத்தில் விடலாம் போல இருக்கும்.

சனம் முகாமில் இருந்த அந்த இடைவெளியிலும் அதற்குப் பிறகும்தான் இலங்கைத்துறை முகத்துவாரத்துக் குன்று புதுப் பெயர் பெற்றது. உல்லைக்களிக் களப்பு கடலோடு சேர்கிற வாயில், தண்ணியைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஒரு பாறைக்குன்று. அழகான இடம், அதில் பொய்யில்லை. ஒரு பக்கம் திறந்த கடல், மற்றப் பக்கம் கண்ணாடி போல் களப்பு. அந்தக் குன்றில் முருகன் வழிபாடு இருந்தது என்று ஊராக்கள் சொல்லுவாங்க. இப்போது அங்கே ஒரு விகாரையும், களப்பைக் கடக்க நடைபாலமும், 'லங்காபட்டுன' என்ற பலகையும் இருக்கின்றன. கலிங்கத்திலிருந்து ஹேமமாலாவும் தந்த குமாரனும் நாலாம் நூற்றாண்டில் புத்தரின் பல்லை மறைத்துக் கொண்டுவந்து கரையிறங்கிய துறை இதுதான் என்பது பௌத்த மரபு. வெள்ளை உடுப்போடு தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வருகிறார்கள்.

அந்த மரபைப் பொய் என்று தள்ளிவிட எனக்கு விருப்பமில்லை. கப்பல் வந்துபோன துறை எண்டா எல்லாச் சாமியும் இறங்கியிருக்கும். இதே மாவட்டத்தில் பெரியகுளத்துக்குப் பக்கத்தில் வெல்கம் விகாரை இருக்கிறது. தமிழர் அதை நாதனார் கோயில் என்பார்கள். சோழர் காலத்தில் அதற்கு இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர். விளக்கெரிக்கவும் மாடு கொடுக்கவும் தமிழர் செய்த தானங்களைச் சொல்கிற தமிழ்க் கல்வெட்டுகள் அந்தப் பௌத்தப் பள்ளியில்தான் கிடக்கின்றன. பதினோராம் நூற்றாண்டில் ஒரே இடத்துக்கு இரண்டு மூன்று பேர் வைத்துக்கொண்டு வாழ முடிந்திருக்கிறது. இலங்கைத்துறையில் என்னை உறுத்துவது பலகையில் இருக்கிற பெயர் அல்ல, அந்தப் பெயர் வந்த நேரம். ஊர் காலியாக இருந்தபோது, திரும்பி வந்தவர்கள் கூரைத்தகரத்துக்கு வரிசையில் நின்றபோது, அவர்களைக் கேட்காமல் வந்தது. துறையில் தோணி விட்டவர்களுக்கும், குன்றில் கற்பூரம் கொளுத்தினவர்களுக்கும் அந்தப் பலகையில் ஒரு வரிகூட இல்லை.

ஆனாலும் பேருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அரசாங்கம் போடுகிற பேரைவிடச் சனம் வாயால் சொல்கிற பேர் சில நேரம் வலுவானது, அது எங்கிருந்து வந்தாலும். இந்தப் பக்கத்தில் குன்றுகளுக்குப் பழைய பேர் மறைந்து மைல்கல் பேர் ஒட்டிக்கொண்டதைப் பார்க்கலாம். மூதூர்ப் பக்கம் 'அறுபத்துநாலாம் கட்டை மலை' என்று ஒரு மலை இருக்கு. வெள்ளைக்காரன் ரோட்டுக்கு நட்ட கட்டையின் இலக்கம் மலைக்குப் பேராகி, அடியிலிருக்கிற பிள்ளையாருக்கும் முகவரியாகிவிட்டது. இப்ப ரோட்டில் கிலோமீற்றர் கல். ஆனா மலை இன்னும் மைலில்தான் நிக்குது.

இலங்கைத்துறையிலும் அப்படித்தான். பலகை என்ன சொன்னாலும், களப்பில் மீன் பிடிக்கிறவனிடம் வழி கேட்டால் 'முகத்துவாரமா?' என்றுதான் திருப்பிக் கேட்பான்.

போக விரும்புகிறவர்களுக்குக் கொஞ்சம் நடைமுறை விசயம். மாசியிலிருந்து சித்திரை வரை நல்ல காலம், மழை ஓய்ந்து பச்சை இருக்கும், களப்பில் தண்ணியும் நிற்கும். ஆவணியில் போனால் வெருகல் கோயில் திருவிழாவைப் பார்க்கலாம், ஆனால் கச்சானில் தோல் உரியும். விடியவே வெளிக்கிடுங்கள், தண்ணி கொண்டுபோங்கள், கடை குறைவு. வெருகல் பாலத்தில் நில்லாமல் போகாதீங்க. பாலத்துக்குப் பக்கத்தில் பாதை கட்டின இடம் எது எண்டு அங்க தேத்தண்ணி குடிக்கிற வயசாளிகளிட்ட கேட்டா, எந்த வருசம் ஆறு எவ்வளவு பெருகினது, பாதை எத்தனை நாள் ஓடேல்ல, ஆர் ஆர் அந்தக் கரையில் மாட்டிக்கொண்டார்கள் எண்டு ஒரு மணித்தியாலம் கதை வரும். ரெக்கோர்ட் பண்ணலாமா எண்டு முதல்ல கேட்டுக்கொள்ளுங்க.